எட்டு வருஷத்துக்கு ஒரே விண்ணப்பம்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1976-இல் இந்தக் கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்தவன். பிறகு இங்கேயே பி.எஸ்சி. வேதியியல். இன்று காலை வந்ததும் முதல் வேலையாக ஆய்வகத்துக்குப் போய் நின்றேன். கிப்ஸ் உபகரணத்தைக் காணோம். அந்த அழுகின முட்டை நாற்றமும் இல்லை. மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்றத்துக்காக ஏங்கினவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்!

நம் செயலாளர் என் வகுப்புத் தோழர். போன மாசம் போனில் கூப்பிட்டு, "நீ என்னப்பா பேசப் போறே?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிவிட்டார். "அமெரிக்காவுல பிளஸ் டூ முடிச்ச கையோட டாக்டர் படிப்புக்கும் சேர்த்தே சீட்டுக் கொடுக்கறாங்களாமே, என் பேத்தி அதுக்குப் போடணும்னு மருமகன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. உன் வீட்டுலதான் ரெண்டு பிள்ளைகளும் அதுல போனாங்களே, அதைப் பத்திப் பேசேன்" என்றார்.

ஆமாம், என் பிள்ளைகள் இருவரும் அதில் போனார்கள். ஒருவன் பாதியில் வந்துவிட்டான். ஒருத்தி முடித்தாள். அந்த இரண்டையும் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கிறேன். நம் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஊரில் பிள்ளையோ பேரனோ இருப்பதால், கேட்பதற்கும் ஆள் இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பிளஸ் டூ முடித்தவுடன் எம்.பி.பி.எஸ். சேரலாம், பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருஷம். அமெரிக்காவில் அப்படி இல்லை. முதலில் நான்கு வருஷம் ஒரு பட்டப் படிப்பு. அதற்குப் பிறகுதான் நான்கு வருஷ மருத்துவப் படிப்பு. அதற்கு அங்கே எம்.டி. என்று பெயர். நம் ஊர் எம்.டி. மேற்படிப்பு, அந்த ஊர் எம்.டி. நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம். இதைக் குழப்பிக்கொண்டு "உங்க பொண்ணு எம்.டி.யா, எதுல ஸ்பெஷலிஸ்ட்?" என்று கேட்டவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள்.

இந்த நாலும் நாலும் எட்டு எப்படி வந்தது? 1893-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்ப்போம் என்று விதி வைத்தது. 1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் அந்த நாட்டு மருத்துவக் கல்லூரிகளையெல்லாம் போய்ப் பார்த்து, பலவற்றின் தரம் மோசம் என்று ஓர் அறிக்கை எழுதினார். ஹாப்கின்ஸைத்தான் மாதிரியாகக் காட்டினார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அதுவே நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது.

பட்டப் படிப்பு முடித்தால் உடனே இடம் கிடைத்துவிடுமா? அதுதான் இல்லை. உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வேண்டும். எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண் 528. மருத்துவமனையில் தொண்டு செய்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்து விண்ணப்பிக்கிறவர்களில், ஒரு வருஷத்தில் ஏதாவது ஓர் எம்.டி. கல்லூரியில் சேர்கிறவர்கள் பத்துக்கு நாலு பேர் என்ற கணக்குதான்.

அந்தப் பயத்தில் பிறந்த ஆசைதான் ஒருங்கிணைந்த படிப்பு. பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும்போதே பட்டப் படிப்புக்கும் மருத்துவப் படிப்புக்கும் சேர்த்து ஒரே இடமாகக் கொடுத்துவிடுவது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் 1971-இலிருந்து ஆறு வருஷத் திட்டம் நடக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 1973-இல் சோஃபி டேவிஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது அங்கே ஏழு வருஷத்தில் இரண்டு பட்டமும் வாங்கலாம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் எட்டு வருஷம். எம்கேட் எழுத வேண்டாம், பட்டப் படிப்பில் இலக்கியம் கூடப் படிக்கலாம். ராச்செஸ்டர், கேஸ் வெஸ்டர்ன் ஆகிய இடங்களிலும் எட்டு வருஷத் திட்டங்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1961-இலேயே தொடங்கிய பெயர் பெற்ற திட்டம் ஒன்று இருந்தது. அதில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். "எங்க அத்தை பையன் அங்கதான் படிச்சான்" என்று பத்து வருஷத்துக்கு முந்தின கதையை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அந்தந்த வருஷ விவரத்தை அந்தந்தக் கல்லூரியிடமே கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் வீண் ஆசை வேண்டாம். இந்தத் திட்டங்களில் பல, அமெரிக்கக் குடிமக்களையும் பச்சை அட்டைக்காரர்களையும் மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. இங்கே நம் ஊரில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இது பெரும்பாலும் வழியே இல்லை. அந்த மாதிரி இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் பி.யு.சி. படித்தபோது டாக்டராக வேண்டும் என்றுதான் இருந்தேன். காரணம் என் அம்மா. எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்தது. எங்கள் ஊரில் டாக்டர் கிடையாது. வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு மனசில் வைத்ததுதான். ஆனால் பி.யு.சி. மதிப்பெண் போதவில்லை. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்றைக்கு, இந்த விடுதியின் பின்பக்கக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் இன்றைய செயலாளர்.

பிறகு வேதியியல் படித்தேன், 1983-இல் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனேன், வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று நன்றாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கிணற்று மேடு என்னோடேயே விமானம் ஏறி வந்துவிட்டது என்பது எனக்கே தெரியவில்லை.

என் மகன் 2007-இல் பள்ளி இறுதி வகுப்பு வந்தான். கணக்கில் புலி. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. நான் இந்த ஒருங்கிணைந்த படிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒன்பது இடங்களுக்குப் போட வைத்தேன். அந்த விண்ணப்பங்களில் வழக்கமான கட்டுரையோடு கூடுதலாக ஒரு கட்டுரை கேட்பார்கள்: நீ ஏன் மருத்துவம் படிக்க விரும்புகிறாய்? அவன் மூன்று தடவை எழுதிக் கொண்டுவந்தான். எனக்குத் திருப்தி இல்லை. "குடு, நான் கொஞ்சம் திருத்தறேன்" என்று வாங்கி, ராத்திரி உட்கார்ந்து முழுசாக எழுதினேன். என் அம்மாவின் காமாலை, மாட்டு வண்டி, டவுன் ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் எழுதினேன், "என் பாட்டி" என்று போட்டு. அவன் பிறப்பதற்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே இறந்துபோனவள் அவள்.

கட்டுரை நன்றாகத்தான் வந்திருந்தது. நேர்முகத் தேர்வில் அதைப் பற்றியே கேட்டார்களாம். ஏழு வருஷத் திட்டம் ஒன்றில் இடம் கிடைத்தது. நான் ஊர் முழுக்கப் போன் போட்டேன். இங்கே இருக்கிற சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்தான். மதிப்பெண் குறைந்துவிட்டது, கல்லூரி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறது என்றான். "கொஞ்சம் முக்கிப் படிச்சா சரியாயிடும்டா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அப்பா, அந்தக் கட்டுரையை நீங்கதானே எழுதினீங்க" என்றான். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. போனை என் மனைவி வாங்கிக்கொண்டார்.

2011-இல் அவன் வெளியே வந்தான். கல்லூரியின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் விதியை எழுத்தில் கொடுத்திருந்தார்கள், படிக்காதது நான். நான்கு வருஷப் பாடத்தை மூன்று வருஷமாகச் சுருக்கின திட்டம் அது. அந்த மூன்றாம் வருஷத்தில் விலகினால் கையில் பட்டமும் இருக்காது. கணிதத்துக்கு மாறி, இன்னும் ஒன்றரை வருஷம் படித்துத்தான் பட்டம் வாங்கினான். இன்று ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சந்தோஷமாக இருக்கிறான். ஆனால் அந்த மூன்று வருஷமும், அப்போது அவன் தூங்காமல் கிடந்த ராத்திரிகளும் என் கணக்கில் இருக்கின்றன.

மகள் அவனை விட ஆறு வயசு இளையவள். 2013-இல் அவள், "நானும் பி.எஸ்.–எம்.டி.க்குப் போடப் போறேன்ப்பா" என்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. "அண்ணனுக்கு நடந்ததை நான் பக்கத்து ரூம்ல இருந்து பாத்தவ. ஒரு கண்டிஷன், நீங்க என் கட்டுரையைப் படிக்கக் கூடாது" என்றாள். இன்று வரை நான் படிக்கவில்லை.

அவள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இது எல்லோருக்கும் உதவும்.

முதலில், இரண்டு கோடை விடுமுறையும் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். சாப்பாடு ஊட்டுவது, துணி மாற்றுவது, சும்மா உட்கார்ந்து பேசுவது. மருத்துவத்தின் அழகில்லாத பக்கத்தைப் பார்த்த பிறகும் ஆசை இருக்கிறதா என்று அவளே தன்னைச் சோதித்துக்கொண்டாள். நேர்முகத் தேர்வில் பேசுவதற்கும் அதுவே விஷயமாக அமைந்தது.

இரண்டாவது, நாட்களைச் சரியாகக் குறித்துக்கொண்டாள். பொது விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்துவிடும். சாதாரணப் பட்டப் படிப்புக்கு ஜனவரி வரை நேரம் இருக்கும். ஒருங்கிணைந்த படிப்புகளில் பலவற்றுக்கு நவம்பரிலேயே கடைசி நாள். ஆசிரியர் சிபாரிசுக் கடிதங்களைச் செப்டம்பரிலேயே கேட்டுவிட வேண்டும். குளிர்காலத்தில் நேர்முகத் தேர்வு. மே 1-க்குள் எங்கே சேர்வது என்று முடிவைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஒருங்கிணைந்த படிப்பு மட்டும் போடவில்லை. ஐந்து சாதாரணக் கல்லூரிகளுக்கும் போட்டாள். ஒவ்வொரு திட்டத்திலும் இருக்கிற இடங்கள் சொற்பம்; நல்ல மதிப்பெண் இருந்தும் கிடைக்காமல் போவது சர்வ சாதாரணம். அது கிடைக்காவிட்டால் மருத்துவமே இல்லை என்று ஆகாது. அந்த நாட்டு டாக்டர்களில் பெரும்பாலோர் சாதாரண வழியில் வந்தவர்கள்தான்.

இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்று ஏழு வருஷம், ஒன்று எட்டு. நான் வழக்கம் போல, "ஒரு வருஷம் மிச்சம்தானேம்மா" என்று ஆரம்பித்தேன். அவள் ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதில் கேள்விகள் எழுதி, இரண்டு கல்லூரிக்கும் போன் செய்து பதிலையும் குறித்து வைத்திருந்தாள்.

எவ்வளவு மதிப்பெண் சராசரிக்குக் கீழே போனால் மருத்துவ இடம் போகும்? எம்கேட் எழுத வேண்டுமா, எழுதினால் குறைந்தபட்சம் எவ்வளவு? நடுவில் மனசு மாறினால் பட்டத்தோடு வெளியே வர முடியுமா? வேறு மருத்துவக் கல்லூரிக்கும் விண்ணப்பித்துப் பார்த்தால், இருக்கிற இடம் போய்விடுமா? இதுவரை சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வரை போனார்கள்? மருத்துவப் படிப்புக்கான நாலு வருஷத்துக்கு என்ன செலவு, யார் கொடுப்பது?

ஏழு வருஷத் திட்டத்தில் நடுவில் இறங்க இடமே இல்லை. எட்டு வருஷத் திட்டத்தில் நான்கு வருஷம் முடிந்தால் கையில் முழுப் பட்டம். அதற்கப்புறம் வேண்டாம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வரலாம். "திரும்பி வர வழி இருக்கிற இடத்துலதான் நான் தைரியமா உள்ளே போவேன்ப்பா" என்றாள். எட்டையே எடுத்தாள். பட்டப் படிப்பில் வரலாறு படித்தாள். 2022-இல் எம்.டி. முடித்து, அதற்குப் பிறகு மூன்று வருஷ மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, இன்று குழந்தை மருத்துவர்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அவள் காலத்தை விட இப்போது இது முக்கியம். அந்த நாட்டில் கடன் வாங்கி மருத்துவம் படித்தவர்கள் படிப்பு முடிக்கையில் சுமார் 2,00,000 டாலர் கடனோடு வருவது சாதாரணம். முன்பெல்லாம் முழுச் செலவுக்கும் மத்திய அரசுக் கடன் வாங்க முடிந்தது. 2025 ஜூலையில் இயற்றிய சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிற மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். பல தனியார் மருத்துவக் கல்லூரிகளில் வருஷக் கட்டணம் மட்டுமே அந்த ஐம்பதாயிரத்தைத் தாண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018-இலிருந்து கட்டணமே வாங்குவதில்லை. 2024-இல் ரூத் காட்டஸ்மன் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியை 100 கோடி டாலர் கொடுத்து, ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியிலும் கட்டணத்தை இல்லாமல் செய்தார். பதினேழு வயசில் ஓர் இடத்தில் கட்டுப்பட்டவர்களுக்கு, இருபத்தோரு வயசில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போட்டுப் பார்க்கிற வாய்ப்பு போய்விடலாம். நிச்சயத்துக்கும் ஒரு விலை உண்டு. கொடுக்கலாம், தப்பில்லை, விலை என்னவென்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அப்படியானால் யார் இந்தப் படிப்பை எடுக்கலாம்? மற்றவர் சொல்லாமலே இந்த வேலையைப் போய்ப் பார்த்து, பார்த்த பிறகும் வேண்டும் என்கிற பிள்ளை எடுக்கலாம். "வேற என்ன படிக்கறதுன்னு தெரியல, அப்பா சொன்னாரு" என்கிற பிள்ளைக்கு நாலு வருஷப் பட்டப் படிப்புதான் நல்லது. அந்த நாலு வருஷம் வீண் இல்லை. யோசிப்பதற்குக் கிடைத்த காலம். செயலாளர் அவர்களே, உங்கள் மருமகனிடம் இதைச் சொல்லுங்கள். பேத்தியிடம் தனியாக ஒரு தடவை கேளுங்கள். அப்பா அம்மா இல்லாத நேரத்தில் தாத்தாவிடம்தான் பிள்ளைகள் நிஜம் பேசும்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு. உங்களில் சிலர் நீட் தேர்வில் மதிப்பெண் போதாமல் இந்தக் கல்லூரிக்கு வந்திருப்பீர்கள். நானும் அப்படி வந்தவன்தான். நிஜமாகவே மருத்துவத்தில் ஆசை இருந்தால், நீட் எழுத மேல் வயது வரம்பு 2022-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பட்டம் முடித்துவிட்டுக் கூட எழுதலாம். ஆசை போய்விட்டது என்றால் அதையும் தயங்காமல் வீட்டில் சொல்லுங்கள். எது வேண்டும் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். என் மகன் பதினேழு வயசில் என்னிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அதனால்தான் பெற்றோராக இங்கே வந்திருக்கிற என் நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளையின் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுங்கள், தேதியை ஞாபகப்படுத்துங்கள், விதிகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். கட்டுரையை மட்டும் அவர்களே எழுதட்டும்.

போன தடவை மகன் வந்திருந்தபோது, என் அம்மாவைப் பற்றிக் கேட்டான். என்ன நிறம், பாடுவாளா, என்ன சமைப்பாள் என்றெல்லாம். விண்ணப்பத்தில் அவளை எழுதினேனே தவிர, அவனிடம் உட்கார்ந்து சொன்னதே இல்லை. அன்றைக்குச் சாயந்திரம் முழுக்கச் சொன்னேன்.